ஊர்ப் பாலம்: ஒட்டுப் போடலாமா, இடித்துக் கட்டலாமா?

ஊர் வாய்க்காலின் மேல் ஐம்பது அறுபது வருடப் பாலம் ஒன்று. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் காணாமல் போய்விட்டது, தளத்தின் அடியில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது, லாரி போனால் அதிர்கிறது. இதை என்ன செய்வது என்ற பேச்சு கிராம சபையில் எழுந்தவுடன் ஊர் இரண்டாகிவிடும். "பூசி மெழுகினா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று ஒரு கூட்டம். "இடிச்சுட்டு உயர்மட்டப் பாலமா கட்டுங்க" என்று இன்னொரு கூட்டம். நடுவில் இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சே வராது.

இங்கே அந்த வழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் கிளை ஆறுகள், வாய்க்கால்கள் மேல் இருக்கும் 10 முதல் 30 மீட்டர் நீளப் பாலங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மற்ற மாவட்டங்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆற்றின் குணமும் வேலை செய்யக் கிடைக்கும் மாதங்களும் மட்டும் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குஜராத்தில் மஹி ஆற்றின் மேல் 1985இல் திறந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று உடைந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு நாற்பது வயதுதான். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு அருகே தென்பெண்ணையில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டு, டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் போய்விட்டது. அதற்கு மூன்று மாத வயது. பழசு என்றால் ஆபத்து, புதுசு என்றால் பத்திரம் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டிலுமே இடமில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அடி. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் பள்ளமும் உடைந்த கைப்பிடியும்தான் தெரியும். பாலம் போகுமா நிற்குமா என்பது கீழே இருக்கிறது. தண்ணீர் வற்றிய மாதத்தில் இறங்கிப் பாருங்கள். தூணைச் சுற்றிக் குழி விழுந்திருக்கிறதா? அஸ்திவாரத்தின் அடிவிளிம்பு வெளியே தெரிகிறதா? தூண் கொஞ்சமாவது சாய்ந்திருக்கிறதா? கரையோரச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடுகிறதா? திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் 1928இல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் இறங்கி, மேலே இருந்த பகுதி ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த இரும்பு அதுவரை தாங்கிக்கொண்டுதான் இருந்தது. காலடி மண்தான் போனது. 2016இலேயே போக்குவரத்து புதுப் பாலத்துக்கு மாறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆற்றில் மணல் அள்ளிப் படுகை இறங்கிய இடங்களில் இந்தக் கேள்விக்கு இன்னும் அதிக எடை கொடுக்க வேண்டும். பாலம் கட்டியபோது இருந்த தரைமட்டம் அங்கே இப்போது இல்லை.

நீர்வழி. பாலத்தின் கண்கள், அதாவது தூண்களுக்கு இடையே உள்ள திறப்புகள், வழியாக எவ்வளவு தண்ணீர் போக முடியும்? 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டினோம் என்பார்கள். அதைக் கேட்டு ஐம்பது வருடம் நிம்மதி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். ஐம்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அகரம்பள்ளிப்பட்டில் நடந்ததும் இந்தக் கணக்கு மீறல்தான். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். பாலத்தைக் கணக்கிட்ட அளவு அதைவிட மிகக் குறைவு.

சுமை. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளுக்கு அனுமதிக்கும் மொத்த எடையை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன்னாகவும் ஆனது. அரசாணை ஒரே நாளில் வந்தது. கிராமத்துப் பாலம் அப்படியேதான் இருந்தது. உங்கள் பாலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் லாரி ஓடுகிறதா, செங்கல் லாரி ஓடுகிறதா, டவுன் பஸ் மட்டுமா என்பதை ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

அகலத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒருவழிப் பாலத்துக்கு 4.25 மீட்டர், இருவழிக்கு 7.5 மீட்டர் என்பது, சாலை, பாலங்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் தரநிலையில் வழக்கமான அளவு. டயர் வைத்த அறுவடை மிஷின் வெட்டும் தட்டோடு வந்தால் அந்த 4.25 மீட்டரே இடிக்கும்.

சுற்றுப்பாதை. இதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை, ஏனென்றால் இந்தப் பணம் அரசின் கையிலிருந்து போவதில்லை. பேச்சுக்கு, ஒரு நாளைக்கு 200 பைக், ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூடுதலாக 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய். நாளொன்றுக்கு 4,000 ரூபாய், வருடத்துக்கு 14.6 லட்சம். பள்ளிக்கூட வேன், பால் வண்டி, 108 இதில் சேரவில்லை.

யாருடைய பாலம். சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கும். பாலத்தை அந்தக் காலத்துப் பொதுப்பணித் துறை பாசனத்துக்காகக் கட்டியிருக்கும். இன்று அது நீர்வளத் துறையின் கணக்கில் இருக்கலாம். சாலையைப் பின்னால் நெடுஞ்சாலைத் துறை எடுத்திருந்தால் இன்னொரு கதை. சொத்து யாருடையது என்று எழுத்தில் தெரியாதவரை மதிப்பீடே தயாராகாது.

மாதம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். டெல்டாவில் ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது இடைப்பட்ட நாலரை மாதம். அதுவும் உறுதியில்லை, 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். மார்ச்சில் டெண்டர் விட்டு ஏப்ரலில் வேலை ஆரம்பித்தால், அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும்போது அடுத்த பிப்ரவரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

## வழி 1: எடையைக் கட்டுப்படுத்தி அப்படியே ஓட்டுவது

அடி உறுதியாக இருக்கிறது, மேல்தளம் மட்டும் சந்தேகம், நிதி வர இரண்டு வருடம் ஆகும் என்ற நிலையில் இது நல்ல வழி. கனரக வாகனத்தைத் தடுத்து பைக், ஆட்டோ, கார் மட்டும் விடுவது. பக்கத்திலேயே, ஒன்றரை இரண்டு கிலோமீட்டரில், இன்னொரு நல்ல பாலம் இருந்தால் இதையே நிரந்தர ஏற்பாடாகக்கூட வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பாலத்திலும் லாரி போய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் போர்டு மட்டும் வைத்தால் அது கட்டுப்பாடு ஆகாது. புனே அருகே குண்டமலாவில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த இரும்புப் பாலத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. புதுப் பாலத்துக்கு ஒப்புதலும் கிடைத்திருந்தது. 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் ஏறி நின்றபோது பாலம் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். தடுக்க வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் இரும்பு வளைவு வேண்டும், அகலத்தைக் குறைக்கும் கான்கிரீட் கட்டை வேண்டும். அறுவடை நேரத்தில் அந்த வளைவை யாராவது வெட்டி எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த வழியின் உண்மையான செலவு அந்த ஆள்தான்.

அப்புறம், பஸ் நின்றுபோகும். நடந்து போய் அடுத்த ஊரில் பஸ் ஏறுவது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெண்களுமாக இருக்கும். கிராம சபையில் "கொஞ்ச நாள் சமாளிக்கலாம்" என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் பைக் இருக்கும்.

## வழி 2: பழுது பார்த்து வலுப்படுத்துவது

ஊரில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் கெடுவதும் இதுதான். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் பழுது பார்த்ததாகக் கணக்கு. முறையாகச் செய்தால் கதையே வேறு.

கான்கிரீட் பாலத்தில் முதலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்து நிற்பது பொத்தென்று ஒலிக்கும். அடுத்தது பினாஃப்தலீன் சோதனை. புதிதாக உடைத்த இடத்தில் இந்தத் திரவத்தைத் தெளித்தால், காரத்தன்மை போகாத கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து கெட்ட பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டதென்றால், இன்று உதிராத இடத்திலும் துரு தொடங்கப்போகிறது என்று பொருள். மலிவான சோதனை, அரை நாள் வேலை. மதிப்பீடு போடும் முன் இது செய்யப்பட்டதா என்று கேட்கலாம்.

கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தம் செய்து, தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும். அதற்கு அடுத்த இடத்தில், பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கலாம். வேதாரண்யம், நாகை பக்கம் உப்பு ஏறிய கான்கிரீட்டில் இது அதிகம். அதனால்தான் கடலோரத்தில் அங்கங்கே ஒட்டுப் போடும் வேலை நாலைந்து வருடத்தில் மறுபடி அதே நிலைக்கு வருகிறது.

செங்கல் வளைவுப் பாலங்களுக்கு வேறு வைத்தியம். அவை சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிரும். பூச்சு பார்க்க அழகாகத்தான் இருக்கும். விரிசலுக்குள் நீர்த்த கலவையை அழுத்தி ஏற்றுவது, மூட்டுகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பது, அரசமரக் கன்றை வெட்டுவதோடு நிறுத்தாமல் வேரோடு எடுப்பது ஆகியவைதான் அங்கே வேலை. மேலே வெட்டிவிட்ட கன்று அடுத்த ஆடிக்குள் இரண்டு மடங்காக நிற்கும். நல்ல செங்கல் வளைவு, கால் உறுதியாக இருந்தால், கான்கிரீட்டைவிடப் பொறுமையானது. அதை இடிக்க அவசரப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தளத்தின் மேலே இருக்கும் சுமையை மறந்துவிடுவார்கள். சாலை போடும்போதெல்லாம் பாலத்தின் மேலும் தார் போட்டுக்கொண்டே போவது வழக்கம். 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலப் பாலத்தில் 10 சென்டிமீட்டர் தார் சேர்ந்திருந்தால் அது ஏறத்தாழ 23 டன். லோடு ஏற்றிய லாரி ஒன்று இரவு பகலாகப் பாலத்தை விட்டு இறங்காமல் நிற்கிற கணக்கு. சில பாலங்களுக்கு முதல் வைத்தியமே அந்தத் தாரைச் சுரண்டி எடுப்பதுதான். தார் உயர்ந்ததால் மழைநீர்த் துளைகளும் அடைபட்டிருக்கும். தண்ணீர் தளத்தில் தேங்கிக் கீழே கசியும், கம்பி துருப்பிடிக்கும். துளையைத் திறக்க ஒரு கடப்பாரை போதும்.

தூணடியில் அரிப்பு இருந்தால் கல் அடுக்குவது, கம்பிவலைக்குள் கல் நிரப்பிப் போடுவது, கீழ்ப்பக்கம் தடுப்புச் சுவரோடு படுகையில் கான்கிரீட் தளம் அமைப்பது எல்லாம் உண்டு. அரிப்பு ஓரிடத்தில் மட்டும் என்றால் சரி. ஆற்றுப் படுகையே மொத்தமாக இறங்கியிருந்தால், அந்தத் தளத்துக்குக் கீழ்ப்பக்கம் அருவி போல் தண்ணீர் விழுந்து அதையும் குடைந்துவிடும். அந்த இடத்தில் பழுது பார்ப்பதைப் பேசிப் பயனில்லை.

மறைந்திருக்கும் செலவு: கொத்த ஆரம்பித்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். மதிப்பீட்டில் 10 சதுர மீட்டர் என்று எழுதியது 40 ஆகிவிடும். கூடுதல் அளவுக்கு அனுமதி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

## வழி 3: காலை வைத்துக்கொண்டு தளத்தை மாற்றுவது

இந்த வழியைப் பற்றி ஊரில் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். தூண்களும் கரைச் சுவர்களும் நன்றாக இருந்து, கான்கிரீட் தளம் மட்டும் கெட்டிருந்தால், தளத்தை அகற்றி, தூண் தலைப்பில் புதுக் கான்கிரீட் பட்டை கட்டி, அதன்மேல் புதுத் தளம் வைக்கலாம். அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், ஆற்று மட்டம் மாறாது, அணுகுசாலையில் பெரிய மாற்றம் இல்லை, நிலம் எடுக்க வேண்டாம். மேட்டூர் மூடியிருக்கும் ஒரே பருவத்துக்குள் முடிக்கலாம்.

இதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, பழைய தூண் புதுச் சுமையைத் தாங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். புதுத் தளம் இன்றைய விதிப்படி கனமாகவும் அகலமாகவும் இருக்கும். தூணுக்கு அது தெரியாதே. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பழைய வரைபடம் இல்லாவிட்டால் பக்கத்தில் துளையிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு, நீர்வழி இப்போதே போதுமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் தளத்தை இடிக்கிற பாலத்துக்குப் புதுத் தளம் போட்டால், புதுத் தளத்தை இடிக்கும்.

அகலப்படுத்தும் ஆசையும் இங்கே சிக்கலாகும். 4 மீட்டர் தூணின் மேல் 7 மீட்டர் தளம் என்பது கேட்க நன்றாக இருக்கும். பக்கத்தில் தூணை நீட்டிக் கட்டினால் பழைய அஸ்திவாரமும் புது அஸ்திவாரமும் வேறு வேறு அளவில் இறங்கி, நடுவில் நீளவாக்கில் விரிசல் விடும். அதற்குக் கொஞ்சம் தள்ளிப் புதுப் பாலமே கட்டிவிடலாம்.

## வழி 4: குழாய் அல்லது பெட்டி வைத்த தரைப்பாலம்

மலிவு, சீக்கிரம், ஒன்றிய நிதியிலேயே முடியும். சிறு வாய்க்காலுக்கு, குறிப்பாக 6 மீட்டருக்குள் அடங்குவதற்கு, கான்கிரீட் பெட்டிப் பாலம் நல்ல தேர்வு. அடியும் கான்கிரீட் என்பதால் அரிப்புக்குப் பயம் குறைவு. முன்கூட்டியே வார்த்த பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினால் சில வாரத்தில் வேலை முடியும்.

குழாய் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, டெல்டாவில் குறிப்பாக. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து ஒரு மழைக்குக் குழாயை அடைத்துவிடும். அடைத்தால் மேல்பக்க வயலில் தண்ணீர் ஏறும். பாலத்தில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அழுகிய சம்பா அதிகம் ஆகிவிடும். அந்தச் செலவு பாலத்தின் கணக்கில் எழுதப்படாது, பக்கத்து ஊர் விவசாயியின் கணக்கில் எழுதப்படும். ஊருக்குள் சண்டை வருவதும் இப்படித்தான்.

தண்ணீர் மேலே ஏறிப் போகட்டும் என்றே வடிவமைக்கும் தரைப்பாலத்துக்கும் இடம் உண்டு. வருடத்தில் சில நாள்தான் மூழ்கும், பக்கத்தில் மாற்றுவழி இருக்கிறது, போக்குவரத்து குறைவு என்றால் கோடிக்கணக்கில் செலவழித்து உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் மூழ்கும் அந்தச் சில நாளில் யார் வழியை அடைப்பது? ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, 30 சென்டிமீட்டர் அளவில் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். 15 சென்டிமீட்டர் போதும், நிற்கும் ஆளைத் தள்ளிவிட. "தினமும் போற பாதைதானே" என்று பைக்கை விடுபவர்கள் இருக்கும்வரை, அளவுகோல் கம்பமும் பூட்டக்கூடிய தடுப்பும் இல்லாத தரைப்பாலத்தை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## வழி 5: புதிய உயர்மட்டப் பாலம்

எல்லோரும் கேட்பது இதைத்தான். அஸ்திவாரம் போய்விட்டது, நீர்வழி போதவில்லை, பஸ்ஸும் நெல் லாரியும் போக வேண்டும், சுற்றுப்பாதை நீளம் என்ற நான்கில் இரண்டு இருந்தாலே இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முறையாகக் கட்டினால் உங்கள் பேரன் காலம்வரை நிற்கும்.

செலவு பாலத்தில் மட்டும் இல்லை. பழைய தளத்தைவிட ஒன்றரை மீட்டர் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இறக்கினால் இரண்டு பக்கமும் தலா 45 மீட்டர் மேடு போட வேண்டும். அந்த 45 மீட்டரில் கரையோரம் யார் வீடு இருக்கிறது, யாருடைய பட்டா நிலம், டீக்கடை, கோயில் மண்டபம்? வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். நிலம் எடுக்கும் கோப்பு ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்க, பாலம் மட்டும் முடிந்து அந்தரத்தில் நிற்கும் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. புதுப் பாலம் கேட்கும் ஊர், நில உடைமையாளர்களின் சம்மதத்தை மதிப்பீட்டுக்கு முன்பே வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதோடு மின்கம்பம், கூட்டுக் குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள் ஆகியவற்றை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும், தனித்தனிக் கடிதம். பழைய இடத்திலேயே கட்டினால் வேலை முடியும்வரை வாய்க்காலுக்குள் மண் கொட்டி மாற்றுப்பாதை போடுவார்கள். முதல் மழையில் அது போய்விடும். பத்து மீட்டர் தள்ளிக் கட்டினால் பழைய பாலம் வேலை முடியும்வரை ஓடும், ஆனால் நிலமும் வளைவும் அதிகமாகும். எனக்கு, இடம் இருந்தால், தள்ளிக் கட்டுவதே பிடிக்கும்.

தள்ளிக் கட்டும்போது பழைய பாலத்தை என்ன செய்வது என்பதையும் அதே மதிப்பீட்டில் எழுத வேண்டும். விட்டுவைத்தால் வெள்ளத்தில் விழுந்து புதுப் பாலத்தின் கண்ணை அடைக்கும். கொள்ளிடத்தில் பழைய பாலத்தைப் பிறகு தனியாக இடிக்க வேண்டிவந்தது.

நிதியைப் பொறுத்தவரை, நபார்டின் ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியிலிருந்து மாநில அரசு கடனாக வாங்கிக் கட்டுவது வழக்கம். 1995-96 முதல் அந்த நிதி இருக்கிறது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், தேர்வான சாலையில் வரும் பாலத்தையும் சேர்க்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் நடக்கும் என்று ஊரில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இடைக்கால ஏற்பாடாக ராணுவ பாணி பெய்லி இரும்புப் பாலத்தையும் சொல்ல வேண்டும். வயநாடு சூரல்மலையில் 2024 நிலச்சரிவுக்குப் பின் ராணுவம் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தை ஏறத்தாழ ஒன்றரை நாளில் நிறுத்தியது. பாலம் திடீரென விழுந்து ஊர் துண்டிக்கப்பட்டால் கேட்க வேண்டியது இது. நிரந்தரத்துக்கு ஆகாது: ஆணிகளும் முடுக்கிகளும் தொடர்ந்து பார்க்கப்பட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நம்பக்கூடிய காலம் | வேலை நடக்கும்போது வழி | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| எடைக் கட்டுப்பாடு | மிகக் குறைவு | நிதி வரும்வரை | பஸ், லாரிக்கு இல்லை | காவல், சுற்றுப்பாதை |
| பழுது, வலுவூட்டல் | குறைவு முதல் நடுத்தரம் | நன்றாகச் செய்தால் 10–15 ஆண்டு | பாதி அகலம் திறக்கலாம் | கொத்தியபின் கூடும் அளவு |
| தளம் மாற்றம் | நடுத்தரம் | பழைய காலின் ஆயுளைப் பொறுத்து | ஒரு பருவம் மூடல் | தூண் சோதனை |
| பெட்டி, தரைப்பாலம் | நடுத்தரத்துக்குக் கீழ் | பெட்டிக்கு நீண்ட காலம், குழாய்க்குக் குறைவு | சில வாரம் மூடல் | அடைப்பு, மேல்பக்க வயல் |
| உயர்மட்டப் பாலம் | மிக அதிகம் | இரண்டு தலைமுறைக்கு மேல் | தள்ளிக் கட்டினால் தடையில்லை | நிலம், அணுகுசாலை, பழையதை இடிப்பது |

## செலவை எப்படி ஒப்பிடுவது

பழுதுச் செலவு புதுப் பாலச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துக் கட்டு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. சுலபமான கணக்கு, ஆனால் ஆயுளைப் பார்ப்பதில்லை. பேச்சுக்கு, பழுதுக்கு 40 லட்சம், பன்னிரண்டு வருடம் வரும் என்றால் வருடத்துக்கு 3.3 லட்சம். புதுப் பாலம் 3 கோடி, 75 வருடம் என்றால் வருடத்துக்கு 4 லட்சம். நிலம், அணுகுசாலைக்கு இன்னும் 60 லட்சம் சேர்த்தால் 4.8 லட்சம். பழுதுதான் லாபம் போலத் தெரியும். அந்தப் பழுது பன்னிரண்டு வருடம் வராமல் ஆறே வருடத்தில் உதிர்ந்தால் வருடத்துக்கு 6.7 லட்சம், எல்லாவற்றையும்விட விலை அதிகமான வழி அதுவாகிவிடும். அதனால் பழுதா புதுசா என்ற கேள்வியைவிட, இந்தப் பழுது எத்தனை வருடத்துக்கு, அதை யார் எழுதிக் கொடுப்பார்கள் என்பது முக்கியம். சுற்றுப்பாதைச் செலவையும் இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். புதுப் பாலத்துக்காகப் பழையதை இடித்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்தால், மேலே போட்ட கணக்கில் பெட்ரோலுக்கே 29 லட்சம்.

## எந்த ஊருக்கு எது

தூணடி அரித்து, படுகை இறங்கி, வெள்ளத்தில் தண்ணீர் தளத்தை இடிக்கிறது என்றால் ஒட்டுப் போடும் பேச்சையே விட்டுவிட்டு உயர்மட்டப் பாலம் கேளுங்கள். வரும்வரை வழி 1, அதுவும் இரும்பு வளைவோடு.

கால் நன்றாக இருக்கிறது, தளத்தின் அடியில் பாதிக்கு மேல் கம்பி தெரிகிறது, நெல் லாரி போக வேண்டும் என்றால் தளம் மாற்றம். இதற்கு ஒன்றியப் பொறியாளரைக் கொஞ்சம் வற்புறுத்த வேண்டியிருக்கும். பழக்கமான மதிப்பீட்டு வார்ப்பில் இது இருக்காது.

செங்கல் வளைவு, விரிசல் சிறிது, கனரக வண்டி குறைவு என்றால் முறையான பழுது. தாரைச் சுரண்டுவதில் ஆரம்பியுங்கள்.

வாய்க்கால் சிறிது, 6 மீட்டருக்குள் என்றால் பெட்டிப் பாலம். குழாய் வேண்டாம்.

இரண்டு கிலோமீட்டருக்குள் வேறு நல்ல பாலம் இருந்தால், பழையதை நடைக்கும் பைக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கிடைக்கும் நிதியை அந்த நல்ல பாலத்தின் இணைப்புச் சாலைக்குச் செலவழிப்பது பற்றியும் யோசிக்கலாம். ஓட்டு கிடைக்காத யோசனைதான்.

கிராம சபைத் தீர்மானத்தில் "புதிய பாலம் கட்டித்தர வேண்டும்" என்று ஒரே வரி எழுதி அனுப்பினால், அது மற்ற நூறு தீர்மானங்களோடு சேர்ந்துகொள்ளும். சாலை யாருடையது, பாலம் யாருடையது, நீளம், அகலம், கண்களின் எண்ணிக்கை, எந்த ஆண்டு வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, ஒரு வாரத்தில் எண்ணிய பஸ், லாரி, பைக், சுற்றுப்பாதையின் தூரம், தூணடிப் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். தண்ணீர் வந்த மட்டத்தைக் கரையோர வீட்டுச் சுவரில் வண்ணத்தில் குறித்து ஆண்டையும் எழுதிவிட்டால், நீர்வழி கணக்கிட வரும் பொறியாளருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஜனவரி 26 கூட்டத்தில் தீர்மானம் வைத்தால், மேட்டூர் மூடி வாய்க்கால் காயும் பிப்ரவரி, மார்ச்சில் ஆய்வுக்கு வரச் சொல்லலாம். அக்டோபர் 2 கூட்டத்தில் வைத்தால், ஆய்வுக்கு வருபவர் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.